எதிர்காற்றில் ஓடிய வண்டி

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு மூன்று முறை போன் வந்துவிட்டது. மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் 2008-இல் நாங்கள் செய்யாமல் விட்ட ஒரு வண்டியைப் பற்றியும், அதே வருடம் ஜெர்மனி மாணவர்கள் செய்து ஓட்டிக் காட்டிய ஒரு வண்டியைப் பற்றியும் எழுதுகிறேன்.

2005-09 மெக்கானிக்கல் செட்டுக்கு ஞாபகம் இருக்கும். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு நாங்கள் நாலு பேர் ஒரு படம் போட்டோம். பேட்டரி கார், அதன் கூரை மேல் ஒரு சின்ன காற்றாலை. வண்டி ஓட ஓடக் காற்று அடிக்கும், விசிறி சுற்றும், பேட்டரி தானே சார்ஜ் ஆகும். காயலான் கடையில் ஒரு பழைய டைனமோ கூட வாங்கியாயிற்று. கைடு சார் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஏம்ப்பா, உன் காலரை நீயே பிடிச்சுத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுவியா?" அவ்வளவுதான், ப்ராஜெக்ட் காலி. காற்றாலை வைத்து வண்டி ஓட்டவே முடியாது என்று டிபார்ட்மென்ட் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கேண்டீனில் என் பெயர் 'காத்தாடி'. டிகிரி வாங்கும்வரை அது போகவில்லை.

அந்த 2008 ஆகஸ்டில்தான் நெதர்லாந்தின் டென் ஹெல்டரில் 'ரேசிங் ஏயோலஸ்' என்ற பந்தயம் முதல் முறையாக நடந்தது. டென் ஹெல்டர் வடமேற்கு மூலையில் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த கடற்படை ஊர். காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஏயோலஸ் கிரேக்கர்களின் காற்றுத் தெய்வம். விதி எளிது. வண்டியில் ஆள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும், காற்றாலைச் சக்தியில் மட்டுமே ஓட வேண்டும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே போக வேண்டும். ரோட்டர் சுழலும் பரப்பு 4 சதுர மீட்டருக்கு மேல் கூடாது. சக்தியைச் செயின், கியர் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகலாம். ஜெனரேட்டர், மோட்டார் வைத்தும் கொண்டுபோகலாம். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதில்லை, காற்றின் வேகத்தில் எத்தனை சதவீதம் என்றுதான் கணக்கு. அன்றைக்குக் காற்று எப்படி இருந்தாலும் நியாயம் கெடாது.

ஜெயித்தவர்கள் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர்கள். வண்டியின் பெயர் 'வென்டோமொபில்'. மூன்று சக்கரம், 2 மீட்டர் குறுக்களவில் இரண்டு இறக்கை ரோட்டர். உள்ளே சைக்கிள் கியரும் செயினும்! எதிர்காற்றில் காற்று வேகத்தின் 64 சதவீதத்தை எட்டியது. இதைப் படித்தபோது எனக்கு வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சந்தோஷமா கோபமா என்று சொல்லத் தெரியவில்லை.

யோசனை பழசுதான். 1335-இலேயே இத்தாலிய மருத்துவர் கைடோ டா விகெவானோ, பிரான்ஸ் அரசருக்கான போர்க் கருவி நூலில் காற்றாலையால் ஓடும் வண்டியை வரைந்திருக்கிறார். 1600 வாக்கில் சைமன் ஸ்டெவின் என்ற கணித மேதை பாய்மரம் கட்டிய வண்டியில் இளவரசர் மாரிஸையும் விருந்தினர்களையும் ஏற்றி, ஸ்கெவனிங்கனிலிருந்து பெட்டன் வரை கடற்கரை மணலில் ஓட்டினார். அந்தப் பெட்டனில் பிற்காலத்தில் ஆற்றல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதன் குழுவும் டென் ஹெல்டர் பந்தயத்தில் ஓடியது. ஆனால் பாய் நேர் எதிர்காற்றில் உதவாது, வளைந்து வளைந்துதான் போக வேண்டும். நேராகப் போக ரோட்டர் வேண்டும்.

சரி, சார் சொன்ன காலர் கதை இங்கே ஏன் பொருந்தவில்லை? நான் வெகுநாள் கழித்துத்தான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். காற்று விநாடிக்கு 8 மீட்டர் அடிக்கிறது, வண்டி அதை எதிர்த்து 4 மீட்டர் போகிறது என்று வையுங்கள். வண்டிக்கு 12 மீட்டர் காற்று. நல்ல ரோட்டர் அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடும், ஆக இறக்கை வழியாகப் போவது 8 மீட்டர். ரோட்டரைக் காற்று பின்னால் தள்ளும் ஒவ்வொரு நியூட்டனுக்கும் நமக்கு 8 வாட் கிடைக்கிறது. அந்தத் தள்ளலை எதிர்த்துத் தரையில் 4 மீட்டர் வேகத்தில் போக 4 வாட் போதும். மீதி 4 வாட் டயருக்கும் செயினுக்கும்.

இப்போது எங்கள் காரைப் பாருங்கள். காற்றே இல்லாத ரோட்டில் விநாடிக்கு 12 மீட்டர் ஓட்டினாலும் ரோட்டருக்கு அதே 12 மீட்டர் காற்றுதான், அதே 8 வாட்தான். ஆனால் செலவு 12. ஒவ்வொரு நியூட்டனுக்கும் 4 வாட் பேட்டரியிலிருந்து போகிறது. விசிறிக்கு இரண்டும் ஒரே காற்று. வித்தியாசம் தரை எவ்வளவு வேகமாக நழுவுகிறது என்பதில்தான் இருக்கிறது. சார் எங்கள் படத்தைத் தள்ளியது நூற்றுக்கு நூறு சரி. காற்றாலை வண்டியே ஓடாது என்று நாங்களாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு. இந்த நாலு வரிக் கணக்கை நாங்கள் நாலு பேரும் போடவில்லை. சாரும் போடச் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

எலெக்ட்ரிக் வழியில் போனால் இதே கணக்கு இறுகும். ஜெனரேட்டரில் 85 சதவீதம், மோட்டாரில் 85 என்றால் 8 வாட் 5.8 ஆகிவிடும். நல்ல செயினில் 7-க்குக் குறையாது. பேட்டரி வண்டிக்குக் காற்றாலை வேண்டுமென்றால் அதை நிறுத்தி வைத்துச் சுற்றவிட வேண்டும். 2011-இல் டிர்க் கியோன், ஸ்டெஃபான் சிம்மரர் என்ற இரண்டு ஜெர்மானியர் 'விண்ட் எக்ஸ்ப்ளோரர்' வண்டியில் ஆஸ்திரேலியாவைக் கடந்தது அப்படித்தான். சுமார் 200 கிலோ வண்டி. ராத்திரி தங்கும் இடத்தில் மூங்கில் கம்பத்தில் காற்றாலையை ஏற்றி பேட்டரிக்குச் சார்ஜ். பகலில் காற்று வாகாக இருந்தால் பட்டத்தைக் கட்டி இழுக்கவிட்டார்கள். அங்கங்கே கரண்டும் போட்டுக்கொண்டார்கள்தான். மூங்கிலும் பட்டமும் நம்ம ஊரில் கிடைக்காத சாமானா?

ஏயோலஸ் பந்தயம் தொடர்ந்தது. கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து ஈ.டி.எஸ். பொறியியல் கல்லூரி மாணவர்கள் 'சினூக்' என்ற வண்டியோடு கடல் தாண்டி வந்து ஜெயித்தார்கள். 2016-இல் நூறு சதவீதமும் தாண்டியது. எதிரே வரும் காற்றைவிட வேகமாக, அந்தக் காற்றின் சக்தியிலேயே!

போன மாதம் கைடு சாருக்குப் போன் போட்டேன். ரிட்டயர் ஆகிப் பத்து வருடமாகிறது. முழுக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ரோட்டருக்கும் சக்கரத்துக்கும் கியர் ரேஷியோ எவ்வளவு வச்சானுங்க?" என்றார். தெரியலை சார் என்றேன். "அதைத் தெரிஞ்சுக்காம என்னப்பா போன் பண்றே?" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ரீயூனியனுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அந்த டைனமோ இன்னும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. அதையும் கொண்டுவருகிறேன்.