புற்றுக்கட்டியிலும் ஆக்சிஜன் குன்றிய திசுவிலும் ரத்தநாள வளர்ச்சி: எதை அளப்பது?

1955-இல் தாம்லின்சன், கிரே இருவரும் நுரையீரல் புற்றுத்திசுச் சீவல்களை நுண்ணோக்கியில் வைத்து அளந்தார்கள். செல்திரளின் ஆரம் 160 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த இடங்களில் திசுமடிவு இல்லை. 200-ஐத் தாண்டிய இடங்களிலெல்லாம் நடுப்பகுதி மடிந்து கிடந்தது. ஆக்சிஜன் திசுவுக்குள் ஊடுருவக்கூடிய தூரம் அவ்வளவுதான். நாள வளர்ச்சி பற்றிய ஆய்வு எதுவும் இந்தத் தூரத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஆனால் பல ஆய்வுகள் நாளங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. அந்த எண்ணிக்கை நம்மைத் தவறான முடிவுக்கே இட்டுச்செல்கிறது என்பது என் வாதம்.

ஆக்சிஜன் குறைவைச் செல் உணரும் விதத்தைத் தெளிவுபடுத்தியதற்காக செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. எச்.ஐ.எஃப்.-ஆல்ஃபா என்ற புரதம் செல்லில் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதிய அளவு இருந்தால், அதன் இரண்டு புரோலின்களில் ஹைட்ராக்சில் ஏறும். அதை அடையாளமாகக் கொண்டு வி.எச்.எல். புரதம் பற்றிக்கொள்ள, செல்லின் புரதச் சிதைப்பு அமைப்பான புரோட்டியசோம் சிதைத்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அது பிழைத்து, உட்கருவுக்குள் சென்று, நாளங்களை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். புரதத்தின் மரபணுவை முடுக்கிவிடுகிறது. அடைப்பு ஏற்பட்ட இதயத்தசையிலும் புற்றுக்கட்டியிலும் பாதை இதுவே. கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப்புற்றில், மடிந்த பகுதியை ஒட்டி நிற்கும் செல்களில்தான் வி.இ.ஜி.எஃப். செறிந்திருப்பதை 1992-இல் ஷ்வெய்கி குழுவினர் காட்டினர்.

வி.இ.ஜி.எஃப். நாளத்தை வளர்ப்பதோடு கசியவும் வைக்கிறது. 1983-இல் டுவோரக்கின் ஆய்வகம் இதை நாளக்கசிவுக் காரணியாகத்தான் முதலில் அடையாளம் கண்டது. கட்டிக்குள் புதிய நாளங்கள் கோணல்மாணலாகக் கிளைக்கின்றன, அவற்றைத் தாங்கும் பெரிசைட்டுகள் தளர்ந்திருக்கின்றன, கசிந்த நீரால் திசு அழுத்தம் ஏறி ரத்தம் தேங்குகிறது. நாளங்கள் நிறைந்த இடத்திலேயே செல்கள் ஆக்சிஜனின்றித் தவிக்க, எச்.ஐ.எஃப். மேலும் தூண்டப்படுகிறது. இதயநோயாளிகளுக்கு வி.இ.ஜி.எஃப். புரதத்தைச் செலுத்திப் பார்த்த ‘விவா’ ஆய்வு (2003) தன் முதன்மை இலக்கை எட்டாததையும் இந்தக் கோணத்திலேயே பார்க்கிறேன். நாளம் முளைத்தால் மட்டும் போதாது, அது முதிரவும் வேண்டும். அதற்கு பி.டி.ஜி.எஃப்., ஆஞ்சியோபொய்டின்-1 போன்ற வேறு சமிக்ஞைகள் தேவை.

நாளத்தைத் தடுத்துக் கட்டியைப் பட்டினி போடலாம் என்பது ஃபோக்மன் 1971-இல் முன்வைத்த கருத்து. 2004-இல், வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்து பரவிய பெருங்குடல் புற்றுக்கு அனுமதி பெற்றது. கீமோதெரபியோடு அதைச் சேர்த்தபோது உயிர்வாழ்வின் இடைநிலை அளவு 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்ந்தது. பட்டினி மட்டுமே காரணமென்றால், நாளம் குறைந்த கட்டிக்குள் கீமோதெரபி மருந்து போய்ச் சேர்வதும் குறைய வேண்டுமே! மிஞ்சும் நாளங்கள் சிறிது காலம் சீரடைகின்றன என்ற ஜெயினின் விளக்கம் (2001) இம்முரணைத் தீர்க்கிறது. முழுமையாக அல்ல. மலக்குடல் புற்றுநோயாளிகளில் ஒரே தவணை பெவாசிசுமாபுக்குப் பின் நாள அடர்த்தி, திசு அழுத்தம் இரண்டும் குறைந்தன. கூடவே ரத்த ஓட்டமும் குறைந்தது. செல்லுக்கு எட்டிய ஆக்சிஜன் கூடியதா, குறைந்ததா என்பதை அடர்த்தியை வைத்துச் சொல்ல வழியில்லை.

ஆக்சிஜன் அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போன செல்களில் படியும் பிமோனிடசோல் என்ற குறிப்பான் நம் கையில் இருக்கிறது. நாள எண்ணிக்கையை வெளியிடும் ஆய்வுகள், அதே சீவலில் இந்தக் குறிப்பான் எவ்வளவு பரப்பில் படிந்திருக்கிறது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும்.