‘யார் பண்ணினது?’: கிட்லேப் டேட்டாபேஸ் அழிந்த ராத்திரி

இன்னைக்கு எபிசோட் ஒரு என்டர் கீயைப் பற்றியது. என்டர் தட்டிய பிறகு ஒரு செகண்ட், அதிகபட்சம் இரண்டு செகண்ட் கழித்து, வயிற்றுக்குள் ஜில்லுனு ஒன்று இறங்கும். "ஐயோ, இது எந்த சர்வர்?" கோடு எழுதிச் சம்பாதிக்கிற யாருக்கும் இந்த உணர்வை நான் விளக்க வேண்டியதில்லை. மத்தவங்க, கேஸை அணைச்சோமான்னு பஸ் ஏறின பிறகு யோசிப்பீங்களே, அதைப் பத்து மடங்காக்கிக்கோங்க.

2017 ஜனவரி 31. கிட்லேப் அப்போது வளர்ந்துகொண்டிருந்த ஒரு ஸ்டார்ட்அப். 2011-ல் உக்ரைனில் டிமிட்ரி ஸப்போரோஷெட்ஸ் என்ற டெவலப்பர் தன் தேவைக்காக ஆரம்பித்த ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் அது. பிறகு நெதர்லாந்துக்காரர் சிட் சைபிராண்டி சேர்ந்து அதைக் கம்பெனி ஆக்கினார். எல்லாரும் அவங்கவங்க வீட்டிலிருந்தே வேலை. கொரோனாவுக்கு முன்னாடியே அப்படித்தான்.

அன்னைக்கு சாயங்காலத்திலிருந்தே டேட்டாபேஸ் மூச்சு வாங்கியது. முதலில் ஸ்பேம் என்று நினைத்தார்கள். ஸ்பேமும் இருந்தது. ஆனால் இன்னொரு காரணம் பிறகுதான் தெரிந்தது. யாரோ ஒரு விஷமி, கிட்லேப் ஊழியர் ஒருவருடைய அக்கவுன்ட்டையே "இது தப்பான ஆசாமி" என்று ரிப்போர்ட் செய்திருக்கிறார். சிஸ்டமும் சமர்த்தாக, சொந்தக் கம்பெனி ஆளையும் அவருடைய டேட்டாவையும் பின்னணியில் அழிக்க முயற்சி செய்துகொண்டிருந்தது. காமெடி ட்ராக் எழுதுகிறவர்கூட இப்படி யோசிக்க மாட்டார்.

இந்த லோடில் இரண்டாவது டேட்டாபேஸ் சர்வர் பின்தங்கி நின்றுவிட்டது. முதல் சர்வரில் மாறுவதையெல்லாம் அப்படியே காப்பி எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய சர்வர் அது. ஒரு இன்ஜினியர் அன்றைய வேலையை முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்றிருந்தார். பிரச்சினை வந்ததால் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது சர்வரில் பழைய டேட்டாவைத் துடைத்துவிட்டு, முதல் சர்வரிலிருந்து புதிதாகக் காப்பி எடுக்க வேண்டும். கமாண்ட் கொடுத்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. எரரும் இல்லை, ‘வேலை நடக்குது’ என்ற செய்தியும் இல்லை. உண்மையில் அந்தக் கமாண்ட் சத்தம் போடாமல் காத்திருப்பது சாதாரண விஷயம்தான். ஆனால் அப்படி எந்தக் கையேட்டிலும் எழுதி வைக்கவில்லை.

‘ஒருவேளை ஃபோல்டர் இன்னும் அங்கே இருப்பதால்தான் அடம்பிடிக்கிறதோ’ என்று அழிக்கிற கமாண்டைத் தட்டினார். ஆர்எம் மைனஸ் ஆர்எஃப். கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் துடைக்கிற அதே கமாண்ட். நம்ம நேரப்படி பிப்ரவரி 1, விடிகாலை 5 மணி வாக்கில்.

ஓரிரு செகண்டில் புரிந்துவிட்டது. அவர் இருந்தது டிபி2 சர்வரில் இல்லை, டிபி1-ல். அதாவது உலகம் முழுக்க ஆட்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த உயிருள்ள டேட்டாபேஸ். பதறி நிறுத்தினார். 300 ஜிபியில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்குமே? இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. பேக்கப், ரெப்ளிகேஷன் என்று மொத்தம் ஐந்து ஏற்பாடுகள். தினமும் டேட்டாபேஸை டம்ப் எடுத்து அமேசான் எஸ்3-ல் போடும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தால் பக்கெட் காலி. டேட்டாபேஸ் ஓடுவது போஸ்ட்கிரெஸ் 9.6, ஸ்கிரிப்ட் ஓட்டியது 9.2. வெர்ஷன் பொருந்தாமல் தினமும் ஃபெயில் ஆகியிருக்கிறது. ஃபெயில் ஆனால் மெயில் வரணுமே? மெயிலும் போயிருக்கிறது. மெயிலில் சரியான கையொப்பம் இல்லை என்று எதிர்ப்பக்க சர்வர் அதைத் திருப்பிவிட்டது. அஷ்யூர் டிஸ்க் ஸ்நாப்ஷாட்? மற்ற சர்வர்களுக்குப் போட்டிருந்தார்கள், டேட்டாபேஸ் சர்வருக்குப் போடவில்லை. ரெப்ளிகேஷன்? அது உடைந்ததால்தானே இத்தனையும்.

கடைசியில் காப்பாற்றியது ஒரே ஒரு ஸ்நாப்ஷாட். சுமார் ஆறு மணி நேரம் முன்னாடி, ஸ்டேஜிங் சர்வரில் வேறு ஏதோ சோதனை செய்வதற்காக ஒருவர் கையால் எடுத்து வைத்தது. எடுத்தவர் யார் தெரியுமா? பிறகு டேட்டாபேஸை அழித்த அதே இன்ஜினியர். அழித்த கையும் அதுதான், காப்பாற்றிய கையும் அதுதான்.

ஸ்டேஜிங் டிஸ்க் படு ஸ்லோ. காப்பி எடுத்து முடிக்கவே ஏறக்குறைய 18 மணி நேரம். கோடு ரிபாசிட்டரிகள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பித்தன. ஆனால் சுமார் 5,000 ப்ராஜெக்ட், 5,000 கமென்ட், 700 புது யூசர் அக்கவுன்ட் பற்றிய பதிவுகள் போனது போனதுதான்.

இப்போ உங்க கம்பெனியை நினைச்சுப் பாருங்க. இது நடந்தால் முதல் மீட்டிங்கில் வரும் முதல் கேள்வி என்ன? "யார் பண்ணினது?"

கிட்லேப் என்ன செய்தது? உள்ளே எழுதிக்கொண்டிருந்த கூகுள் டாக்கை அப்படியே ஊருக்குத் திறந்துவிட்டது. ரிப்பேர் வேலையை யூட்யூபில் லைவ் போட்டது. ஒரு கட்டத்தில் 5,000 பேர் வரை பார்த்தார்கள், டேட்டா காப்பி ஆகிற அழகை! பிப்ரவரி 10-ம் தேதி வந்த விரிவான அறிக்கையில் அந்த இன்ஜினியரின் பெயர் இல்லை, "டீம்-மெம்பர்-1" என்று மட்டும் இருந்தது. இணையத்தில் மற்ற கம்பெனி இன்ஜினியர்கள் ‘ஹக்ஆப்ஸ்’ ஹேஷ்டேக் போட்டு ஆறுதல் சொன்னார்கள். நாளைக்கு நமக்கும் இதே கதிதான் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் வேலையும் போகவில்லை. கம்பெனியின் டீம் பக்கத்தில் தன்னுடைய ‘டேட்டாபேஸ் ஸ்பெஷலிஸ்ட்’ பதவிக்கு நடுவில், அடைப்புக்குறிக்குள் ‘ரிமூவல்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அந்த ஜோக்கை அடிக்கிற தைரியம் ஒருத்தருக்கு எப்போ வரும்? நாளைக்கும் இந்த வேலை இருக்கும் என்று தெரிந்தால்தான் வரும்.

கிட்லேப் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இதற்கு முன்கதை இருக்கு.

1998. பிக்ஸார் ஸ்டுடியோவில் ‘டாய் ஸ்டோரி 2’ வேலை நடக்கிறது. யாரோ தப்பான இடத்தில் அதே ஆர்எம் கமாண்டைத் தட்டிவிட்டார்கள். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்டி பொம்மையின் தொப்பி போச்சு, பூட்ஸ் போச்சு, பிறகு உட்டியே போய்விட்டார். பேக்கப் டேப்பும் சரியாக வேலை செய்யவில்லை. காப்பாற்றியது கேலின் சூஸ்மன். டெக்னிக்கல் டைரக்டர், கைக்குழந்தைக்காரர். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகப் படத்தின் காப்பி ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவது போல காரில் கொண்டுவந்தார்கள். யார் தட்டினார்கள் என்ற வேட்டையில் பிக்ஸார் இறங்கவில்லை. படத்தைத் திரும்பக் கொண்டுவருவதில் இறங்கியது.

இன்னும் பின்னாடி போனால், சிரிப்பு நின்றுவிடும். 1974 டிசம்பர் 1. வாஷிங்டன் பக்கம் இறங்க வேண்டிய டிடபிள்யூஏ 514 விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. இருந்த 92 பேரும் இறந்துவிட்டார்கள். எவ்வளவு உயரத்துக்கு எப்போது இறங்கலாம் என்பதில் விமானிகளும் கன்ட்ரோல் டவரும் வேறு வேறு மாதிரிப் புரிந்துகொண்டதுதான் சிக்கல். விசாரணையில் ஒரு விஷயம் தெரியவந்தது. ஆறு வாரம் முன்னாடி இன்னொரு ஏர்லைன் விமானம் இதே இடத்தில், இதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருக்கிறது. அந்த விமானிகள் தங்கள் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியும் தன் விமானிகளை எச்சரித்திருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி அந்தக் கம்பெனிச் சுவரைத் தாண்டவில்லை.

அதன் பிறகுதான் 1976-ல் அமெரிக்காவில் ஒரு ஏற்பாடு வந்தது. விமானிகள் தங்கள் தவறைப் பெயர் வெளியே வராமல் எழுதிக் கொடுக்கலாம். தண்டிக்கிற அதிகாரம் உள்ள துறையிடம் கொடுத்தால் எவன் எழுதுவான் என்று யோசித்து, வாங்கும் பொறுப்பை நாசாவிடம் கொடுத்தார்கள். இன்றைக்கும் ஓடுகிறது.

இந்தச் சிந்தனை விமானத்திலிருந்து சாஃப்ட்வேருக்கும் வந்தது. 2012-ல் எட்ஸி கம்பெனியின் ஜான் ஆல்ஸ்பா, பழி சுமத்தாத போஸ்ட்மார்ட்டம் பற்றி எழுதிய கட்டுரை இன்ஜினியர்கள் நடுவில் பிரபலமானது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: தவறு செய்தவருக்கு அந்த நொடியில் அது சரியாகத்தான் பட்டிருக்கும், ஏன் அப்படிப் பட்டது என்று கேளுங்கள். எட்ஸியில் ஒரு விருதுகூட இருந்தது. வருஷத்தில் சைட்டை மிக எதிர்பாராத விதத்தில் உடைத்தவருக்கு மூன்று கை வைத்த நிஜ ஸ்வெட்டர். சைட் விழுந்தால் வந்த எரர் பக்கத்தில் இருந்த படமும் அந்த மூன்று கை ஸ்வெட்டர்தான். கம்பெனி தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டது, உடைத்தவரும் சேர்ந்து சிரித்தார்.

இப்போ என் கதை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். சின்ன ஸ்டார்ட்அப், பெயர் வேண்டாம். டெஸ்ட் ஆர்டர்களைத் துடைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். எந்த டேட்டாபேஸ் என்று சொல்லாமல் ஓட்டினால் எதில் ஓடும்? சோம்பேறித்தனத்தில் ப்ரொடக்‌ஷனையே டீஃபால்ட்டாக விட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, புதுசாகச் சேர்ந்த பையன் ஒருவன் அதை ஓட்டினான். நிஜ ஆர்டர்கள் போயின. கடைசி பேக்கப் ஒரு வாரம் பழசு.

காலில் பதினாலு பேர். ஃபவுண்டர் கேட்டார், "யார் பண்ணினது?" யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அவன் அன்மியூட் பண்ணி, "நான்தான் சார்" என்றான். நான் மியூட்டிலேயே இருந்தேன். அன்று ராத்திரி அவன் போன் பண்ணினான். "அண்ணா, அந்த ஸ்கிரிப்ட்ல டீஃபால்ட்டே ப்ரொடக்‌ஷன்தானா?" என்று கேட்டான். குறை சொல்லும் குரல் இல்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் "அப்படியா, பார்க்கிறேன்டா" என்றேன். பார்த்தேன். அந்த ஒரு வரியை மாற்றினேன். கமிட் மெசேஜில் ‘மைனர் ஃபிக்ஸ்’ என்று எழுதினேன். மூன்று வாரத்தில் அவன் பேப்பர் போட்டுவிட்டான்.

என் கோழைத்தனத்துக்கு ஃபவுண்டரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று பாருங்க. பதில் கிடைத்ததும் விசாரணை முடிந்துவிட்டது. ஸ்கிரிப்ட் ஏன் அப்படி இருந்தது, புதுப் பையனுக்கு ப்ரொடக்‌ஷன் பாஸ்வேர்ட் ஏன், பேக்கப் ஏன் வாரத்துக்கு ஒன்று? இந்த மூன்றில் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை. எல்லாம் அப்படியே இருந்தது, ஒரு பையனைத் தவிர.

பழி சுமத்தாதே என்றால் பொறுப்பே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கிட்லேப் அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த வரி அழித்ததைப் பற்றியதே இல்லை. பேக்கப்பை ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று கேட்டுக்கொண்டே போய், அது யாருடைய வேலை என்று யாருக்கும் ஒதுக்கவில்லை என்ற இடத்தில் வந்து நிற்கிறார்கள். ‘யார்’ என்ற கேள்வியை அவர்களும் கேட்டார்கள், ஆனால் ‘இனிமேல் யார் பார்த்துக்கொள்வது’ என்று கேட்டார்கள். ஏற்கெனவே திறந்துவிட்ட அந்த டாக்கிலும் செய்ய வேண்டியவை வரிசையாக இருந்தன. அதில் ஒன்று, ப்ரொடக்‌ஷன் டெர்மினலைச் சிவப்பாகவும் ஸ்டேஜிங்கை மஞ்சளாகவும் காட்டுவது. இரண்டு நிமிஷ வேலை. அந்த ராத்திரிக்கு முன்னாடி யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க டீமின் பேக்கப் ஒன்றை எடுத்து, வேறொரு மெஷினில் நிஜமாகவே ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப், சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வைத்த லாட்டரிச் சீட்டு மாதிரி. நம்பிக்கை மட்டும்தான் இருக்கும்.

நான் என் பங்குக்கு ஒன்று செய்துவிட்டேன். போன வாரம் அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி, டீஃபால்ட் ப்ரொடக்‌ஷன்தான், எழுதினது நான்தான், அன்னைக்கே சொல்லியிருக்கணும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தெரியும்ணா. கிட் ப்ளேம்ல உங்க பேர் இருந்துச்சே" என்றான்.

ஐந்து வருஷமாக அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்னைக்கு அந்தக் காலில் அவன் நினைத்திருந்தால் என் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம் மக்களே. என்டர் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஹோஸ்ட் நேமைப் படிங்க.