இருபதுக்குப் பன்னிரண்டரை



போன கோடையில் ஒரு நாள் சாயங்காலம், எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண்பிள்ளை பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். அவள் அப்பா விடிகாலையில் பட்டாசு ஆலை வேனில் ஏறிப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர். எங்கள் மல்லாங்கிணறு அரசுப் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள். "தாத்தா, எனக்கு இன்ஜினியரிங் காலேஜ் நல்லதாக் கிடைக்குமா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கிடைச்சா அப்பாவால கட்ட முடியுமா?" என்றாள்.

இந்த இரண்டு கேள்விகளையும் 1967இல் நானும் கேட்டேன். ஒன்று தகுதிக் கேள்வி, இன்னொன்று பணக் கேள்வி. இரண்டுக்கும் நம் நாட்டில் காலத்துக்குக் காலம் என்னென்ன பதில்கள் சொன்னார்கள் என்று அன்று இரவு யோசித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்குப் பாதி தெரிந்த கதையாகத்தான் இருக்கும்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். அப்பா காலமான பிறகு அம்மா எங்களை அழைத்துக்கொண்டு தன் பிறந்த ஊரான மல்லாங்கிணற்றுக்கு வந்துவிட்டார். என் கையில் இருந்தது 'ப்ரெவே' என்ற பிரெஞ்சுத் தேர்வின் சான்றிதழ். அதில் என் சராசரி இருபதுக்குப் பன்னிரண்டரை. பிரெஞ்சுக்காரர்கள் கணக்கில் இருபதுக்குப் பத்து வாங்கினால் தேர்ச்சி. பன்னிரண்டுக்கு மேல் போனால் 'அஸே பியேன்', அதாவது 'ஓரளவு நன்று' என்று தனியாகக் குறிப்பார்கள். பதினாறுக்கு மேல் வாங்குகிறவன் பள்ளிக்கே பெருமை. இருபதுக்கு இருபது கடவுளுக்குத்தான் என்று எங்கள் வாத்தியார் சொல்லுவார்.

பி.யூ.சி.க்கு விண்ணப்பித்த முதல் கல்லூரியில், அலுவலகத்தில் இருந்தவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பென்சிலால் ஐந்தால் பெருக்கி, 62½ என்று ஓரத்தில் எழுதினார். "இது நம்ம பையன்கள் எண்பது வாங்குகிற இடம் தம்பி" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு ஊர்ப் படியால் அளந்ததை இன்னொரு ஊர்ப் படியால் அளந்துவிட்டார், அவ்வளவுதான்.

இரண்டாவது கல்லூரியில் இடம் கொடுத்தார்கள். பத்து நாளுக்குள் கட்டணம் கட்ட வேண்டும். உதவித்தொகை உண்டா என்று கேட்டேன். உண்டு, ஆனால் சேர்ந்த பிறகுதான் மனுப் போட முடியும் என்றார்கள். சேர்வதற்குத்தானே பணம் இல்லை! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. அம்மாவின் காதில் இருந்த தோடு ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தது. பத்து நாளும் போயிற்று. நான் சர்வீஸ் கமிஷன் தேர்வு எழுதி குமாஸ்தா ஆனேன்.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் சொல்லித்தந்த ஒரு சரித்திரம். பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலத்தில், 1794இல், பாரிஸில் 'எக்கோல் பொலிடெக்னிக்' என்ற பொறியியல் பள்ளியைத் தொடங்கினார்கள். போட்டித் தேர்வில் வென்றால்தான் இடம். ஆனால் இடம் கிடைத்தவனுக்கு அரசாங்கமே சம்பளமும் கொடுத்தது. 1805இல் நெப்போலியன் அங்கே கட்டணம் விதித்தார். தேர்வு அதே தேர்வுதான், ஆனாலும் ஏழை வீட்டுப் பையன்களுக்கு அந்த வாசல் குறுகிவிட்டது. இடமும் பணமும் சேர்ந்து வந்தால்தான் அது வாய்ப்பு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இனி நம் ஊர் சரித்திரம். மதராஸ் மாகாணத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரிக்கும் உத்தரவு ஒன்று இருந்தது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. தலைமுறை தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களை உள்ளே கொண்டுவரத்தான் இந்த ஏற்பாடு. இதை எதிர்த்து 1950இல் வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் செண்பகம் துரைராஜன். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! விசாரித்துப் பார்த்தார், தன் வகுப்புக்கு உள்ள இடங்களில் தனக்குக் கிடைக்காது என்று தெரிந்தது, நேரே நீதிமன்றத்துக்குப் போனார். இது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1951 ஏப்ரலில் உத்தரவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் பெரிய கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்குக் கல்வியில் தனி ஏற்பாடு செய்ய வழி பிறந்தது.

செண்பகம் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று இப்போது நான் வாதாட வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த அம்மாள் தன் வாய்ப்பை வீட்டில் இருந்தபடியே கணக்குப் போட முடிந்தது. விதி வெளிப்படையாக இருந்ததால்தான் அதை எதிர்த்துப் போராடவும் முடிந்தது, பிறகு அதைத் திருத்தவும் முடிந்தது.

எல்லாம் அப்படி வெளிப்படையாக இல்லை. அறுபதுகளில் மருத்துவக் கல்லூரி இடங்களை ஜனத்தொகைப்படி மாவட்டங்களுக்குப் பங்கு வைத்தார்கள். நாங்கள் அப்போது இராமநாதபுரம் மாவட்டம். எங்கள் பையன் ஒருவன் எடுத்த அதே மதிப்பெண்ணுக்கு ஒரு மாவட்டத்தில் இடம் உண்டு, இன்னொரு மாவட்டத்தில் இல்லை. 1968 ஜனவரியில் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பங்கீட்டை ரத்து செய்தது. அடுத்தது நேர்முகத் தேர்வு. பரீட்சை மதிப்பெண் போக, நேரில் பார்த்துப் போடுவதற்கென்றே 75 மதிப்பெண் இருந்தது. விளையாட்டு, உடல் வலிமை, பொது அறிவு என்று தலைப்புவாரியாகப் போட வேண்டியதை மொத்தமாகப் போட்டுவிட்டார்கள் என்று 1970இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அந்தக் காலத்தில் ஒரு பையனுக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டால், "யாரைத் தெரியும்?" என்பதுதான் திருப்பிக் கேட்கப்படும் கேள்வி. நம்மில் பலர் சிபாரிசுக் கடிதத்துக்காக யார் யார் வீட்டு வாசலிலோ நின்றிருக்கிறோம்.

விருதுநகர்க்காரர்களிடம் இதைப் பேசினால் உடனே காமராஜர் கதையைச் சொல்வார்கள். மருத்துவக் கல்லூரியில் முதலமைச்சர் தேர்ந்தெடுக்கும் சில இடங்களுக்கு வந்த விண்ணப்பக் கட்டை வாங்கி, சற்று நேரத்தில் பெயர்களைக் குறித்துக் கொடுத்தாராம். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைநாட்டு இருந்த விண்ணப்பங்களை எடுத்தேன் என்றாராம். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் இதை நம்பாதவர் இல்லை. அப்பாவை இழந்து சின்ன வயதிலேயே படிப்பை விட்டவர் அப்படித்தான் செய்திருப்பார். எனக்கு இருக்கும் ஒரே சங்கடம், அந்த நாற்காலியில் எப்போதும் காமராஜர் உட்கார்ந்திருக்க மாட்டாரே என்பதுதான்.

அவர் படித்த பள்ளியிலேயே இன்னொரு பதில் இருந்தது. விருதுநகர் ஷத்திரிய வித்யாசாலா 1889இல் தொடங்கியது. கடைவீதியில் சரக்குக்கு இவ்வளவு என்று வசூலித்த மகமைப் பணமும், வீட்டுக்கு வீடு சோறு வடிக்குமுன் எடுத்து வைத்த பிடி அரிசியும் சேர்ந்து வளர்த்த பள்ளி அது. உதவிக்கு மனு எழுதிக் காத்திருக்கும் வேலை இல்லை. பள்ளிக்கூடமே உதவியாக இருந்தது. ஆனால் பிடி அரிசியால் பள்ளிக்கூடம் நடத்தலாம், மருத்துவப் படிப்புக்குக் கட்டி முடியாது. அதற்கு அரசாங்கம்தான் வர வேண்டும்.

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத் தேர்வு வந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் வந்தன. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரி தொடங்கியது அந்த ஆண்டுதான். இடங்கள் கூடின, கட்டணமும் கூடியது. இங்கே நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் ஓர் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழ் கோப்புகள் என் மேசையில் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் தீப்பெட்டிக் கூலி வேலை செய்யும் ஒருவர் வந்தார். மகனுக்கு இடம் கிடைத்திருக்கிறது, கட்டணச் சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும் என்றார். "திங்கட்கிழமை வாங்க" என்றேன். திங்கட்கிழமை அதிகாரி முகாமுக்குப் போய்விட்டார். புதன்கிழமை கையெழுத்தாயிற்று. கல்லூரியில் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. அவர் வெள்ளிக்கிழமையே அந்தத் தேதியைச் சொல்லியிருந்தார், நான் காதில் வாங்கவில்லை. கோப்பில் ஒரு தவறும் கிடையாது, விதிப்படி குறித்த நாளுக்குள் கொடுத்தாயிற்று. சாமி வரம் கொடுத்தும் பூசாரி வரம் கொடுக்கவில்லை. அந்தப் பூசாரி நான்தான். பத்து நாள் கெடுவில் படிப்பை விட்டவன், இன்னொரு பையனை ஒரே நாள் கெடுவில் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஜூன், ஜூலை மாதங்களில் வரும் மனுக்களில் கடைசித் தேதி என்ன என்று கேட்டுச் சிவப்பு மையால் மேலே எழுதி வைப்பேன். ஓய்வு பெறும் வரை அதைச் செய்தேன். அந்தப் பையனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

1997 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளர முறையில் கலந்தாய்வு நடந்தது. சுருக்குப்பையில் டிமாண்ட் டிராஃப்ட்டை வைத்துக்கொண்டு கிண்டிக்கு ரயிலேறிய பெற்றோர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் எல்லோருக்கும் தெரிந்தது. 2007இல் நுழைவுத் தேர்வும் போயிற்று. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. இந்தக் கூட்டலை யார் வேண்டுமானாலும் செய்யலாம். 'யாரைத் தெரியும்' என்பது போய் 'கட்-ஆஃப் எவ்வளவு' என்று ஆனது சின்ன மாற்றம் இல்லை.

பணக் கேள்விக்குப் பதில் மெதுவாகத்தான் வந்தது. 2010இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. ஆனால் மருத்துவத்தில் 2017இல் நீட் வந்தபோது பழைய கணக்கு செல்லாமல் போயிற்று. கூலித் தொழிலாளியின் மகளான அரியலூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர், கட்-ஆஃப் 196.75. பழைய முறையில் இடம் நிச்சயம் என்று நம்பியவர். அந்தப் பெண்ணின் முடிவை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. அளக்கும் படியை நடுவில் மாற்றினால் என்ன ஆகும் என்பது, சின்ன அளவில், எனக்கும் தெரியும்.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்த நவம்பரில் நடந்ததைப் பத்திரிகையில் படித்தபோது 1967 அப்படியே திரும்பி வந்ததுபோல் இருந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், கட்டணத்தைக் கேட்டு வேண்டாம் என்று திரும்பிய பிள்ளைகள் இருந்தார்கள். சில நாட்களில் அரசே கட்டணத்தை ஏற்கும், அதற்குச் சுழல் நிதி ஏற்படுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. 2021இல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீட்டை விரித்து, கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்றது. பாரிஸில் 1794இல் சேர்ந்து வந்த இரண்டும், ஒதுக்கீட்டில் நுழைகிறவர்களுக்காவது, இங்கே சேர்ந்து வந்துவிட்டன.

திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்குக் கணக்குப் போட்டேன். கணக்கு 88, இயற்பியல் 82இல் பாதி 41, வேதியியல் 84இல் பாதி 42. மொத்தம் 171. முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்கு எந்தக் கட்-ஆஃப் வரை கொடுத்தார்கள் என்ற பட்டியலை அவளே கைபேசியில் எடுத்துக் காட்டினாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதற்குத் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கச் சொன்னேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்பதையும் சொன்னேன்.

அவள் அப்பா இரவு வேலை முடிந்து வந்து வாசலில் நின்றார். கையில் மருந்துக் கறை போகவில்லை. "அய்யா, நான் எவ்வளவு புரட்டணும்?" என்று கேட்டார். "ஒதுக்கீட்டில் கிடைத்தால் கட்டணத்துக்கு ஒன்றும் வேண்டாம். துணிமணிக்கும் பெட்டிக்கும் பாருங்கள்" என்றேன். அவர் நம்பவில்லை. திரும்ப ஒரு தடவை கேட்டார். திரும்ப ஒரு தடவை சொன்னேன்.

அவள் காகிதங்களை அடுக்கும்போது கடைசித் தேதி என்ன என்று கேட்டேன். சொன்னாள். உள்ளே போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்து வந்து உறையின் மேல் எழுதிக் கொடுத்தேன்.

அவளுக்கு இடம் கிடைத்தது. இப்போது முதலாண்டு படிக்கிறாள். உங்கள் தெருவிலும் இந்த ஆண்டு யாராவது ஒரு பிள்ளை இப்படிக் காகிதத்தோடு நிற்கும். உங்களுக்குப் படிவம் நிரப்பத் தெரியும், அவர்கள் வீட்டில் தெரியாது. ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். முதலில் கடைசித் தேதியைக் கேளுங்கள்.