வெள்ளைப் பேஸ்ட் புராணம்: மைக் செட்டிலிருந்து பென்டியம் வரை

கம்ப்யூட்டர் பிராசஸர் மேல ஹீட்சிங்க்கை மாட்டுறதுக்கு முன்னாடி நடுவுல ஒரு பேஸ்ட் தடவுவாங்களே, பார்த்திருப்பீங்க. இன்னிக்கு அதோட கதைதான். பேஸ்ட்டுக்கெல்லாம் வரலாறான்னு சிரிக்கக் கூடாது, ஆமா. இது கம்ப்யூட்டரோட கூடப் பிறந்த சரக்கே இல்லை. மங்கலம்பேட்டை மாதிரி ஊர்களுக்கு கம்ப்யூட்டர் எட்டிப் பார்க்கறதுக்கு ரொம்ப முன்னாடியே இது வந்து சேர்ந்தாச்சு. எது வழியா? மைக் செட் வழியா!

ஆடி மாசம் கூழ் ஊத்துற இடத்துல, காதுகுத்து வீட்டுல, மைக் செட்காரர் பக்கத்துல ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டி இருக்கும். பின்பக்கம் கறுப்பா பட்டை பட்டையா அலுமினியம். அதுல சாய்சதுர வடிவத்துல உலோகத் தொப்பி மாதிரி ரெண்டோ நாலோ உட்கார்ந்திருக்கும். அதுதான் 2என்3055 டிரான்சிஸ்டர். மெக்கானிக் பாஷையில வெறும் '3055'. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி 1960களில் கொண்டு வந்தது. இதுல ஒரு சிக்கல் என்னன்னா, அந்த உலோகத் தொப்பியே டிரான்சிஸ்டரோட கலெக்டர் முனை. அதை நேரா அலுமினியத்துல முடுக்கினா மின்சாரமும் அதுக்குள்ள போயிடும். சூடு போகணும், கரண்ட் போகக்கூடாது. என்ன பண்றது?

நடுவுல ஒரு மெல்லிய மைக்கா தகடு வைப்பாங்க. நம்ம பாட்டி காலத்துல காக்காப்பொன்னுன்னு சொன்னாங்களே, அதேதான். உலகத்துக்கே தகடு மைக்கா அனுப்பிக்கிட்டிருந்த நாடு இந்தியா. பழைய சென்னை மாகாணத்துல இருந்த நெல்லூர் மாவட்டத்து கூடூர், வடக்கே கோடர்மா, ரெண்டு பக்கமும் பெரிய சுரங்கங்கள். அந்த மைக்காவின் ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒரு பேஸ்ட்டைத் தடவி முடுக்குவாங்க. சிலிக்கான் எண்ணெயில துத்தநாக ஆக்ஸைடு பொடியைக் குழைச்சது, அவ்வளவுதான் சங்கதி. பிற்பாடு கம்ப்யூட்டர்காரங்க கையில எடுத்ததும் இதே வெள்ளைப் பேஸ்ட்தான். சென்னை ரிச்சி தெருவுல ரேடியோ சாமான் வித்த கடைகளுக்குப் பக்கத்துலயே பிராசஸர் விக்கிற கடைகளும் முளைச்சதால, சரக்கு தெரு மாறக்கூட வேண்டியிருக்கலை :-)

பேஸ்ட் சூட்டைக் குறைக்கும்னு பலபேர் நினைக்கிறாங்க. குறைக்காது. பளபளன்னு தெரியுற ரெண்டு உலோகப் பரப்பைச் சேர்த்து வச்சாலும், நுணுக்கிப் பார்த்தா மேடும் பள்ளமும்தான். அங்கங்கே தொடும், மிச்ச இடமெல்லாம் காற்று. காற்றோட வெப்பக் கடத்துதிறன் 0.026. வெள்ளைப் பேஸ்ட்டுக்கு சுமாரா 0.7. செம்புக்கு 400 வாக்கில. அதாவது பேஸ்ட், காற்றைவிட 25 மடங்குக்கு மேல உசத்தி. செம்பைவிட 500 மடங்குக்கு மேல மட்டம். காற்று இருக்கிற இடத்துல இருந்தா லாபம், உலோகம் உலோகத்தைத் தொட வேண்டிய இடத்துல நின்னா நஷ்டம். மொத்த சூத்திரமும் இந்த ஒரு வரிதான். பெரிய கம்பெனிக்கும் இதே இடைவெளிதான் தலைவலி. 1980-ல ஐ.பி.எம். தன்னோட 3081 மெயின்பிரேமுல, சில்லு ஒவ்வொண்ணு மேலயும் ஸ்பிரிங் வச்ச அலுமினிய உருளையை அழுத்தி, இடைவெளியில காற்றுக்குப் பதிலா ஹீலியம் வாயுவை நிரப்பினாங்க. ஹீலியம் காற்றைவிட ஆறு மடங்கு நல்லா கடத்தும். காசு இருந்தவன் ஹீலியம் ஊத்தினான், மைக் செட்காரர் பேஸ்ட் தடவினார்.

இந்தக் காலத்துல பி.சி. பிராசஸருக்கு இதெல்லாம் தேவைப்படவே இல்லை. 8088, 286, 386 எல்லாம் ரெண்டு மூணு வாட் சமாச்சாரம், மொட்டைத் தலையோடயே ஓடும். 1992-ல 486 டிஎக்ஸ்2 66 மெகா ஹெர்ட்ஸ் வந்தப்பதான் தலையில ஹீட்சிங்க் ஏற ஆரம்பிச்சது. 1993-ல வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட். அதுக்கு ஃபேன் இல்லாம ஆகாது. இந்த ரெண்டோட உடம்பும் பீங்கான். எங்க பக்கத்து விருத்தாசலத்துல செய்யுற பீங்கானுக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கலாம். கரண்டை விடாது, சூட்டை ஓரளவு விடும்.

அப்புறம்தான் ஏ.எம்.டி. அத்லான் காலம். அசெம்பிள் பண்ணிக் குடுத்த பசங்களுக்கெல்லாம் கை நடுங்கின காலம். மேல மூடி கிடையாது. விரல் நகம் அளவு சிலிக்கான் சில்லு வெளியே தெரியும், ஹீட்சிங்க்கைச் சாய்ச்சு அழுத்தினா மூலை உடையும். 1.4 கிகா ஹெர்ட்ஸ் அத்லான் 72 வாட், சில்லோட பரப்பு 120 சதுர மி.மீ. ஒரு கணக்கு போடுவோம். வெள்ளைப் பேஸ்ட் 0.025 மி.மீ. கனத்துல இருந்தா, அதைத் தாண்ட மட்டும் 21 டிகிரி ஆகும். ஒரு தலைமுடி கனம், 0.1 மி.மீ. இருந்தா? 86 டிகிரி! ஃபேன் எவ்வளவு வேகமா சுத்தினாலும் இந்த 86 குறையாது. நல்ல பேஸ்ட்னா கிளிப்போட அழுத்தத்துல மிச்சம் வெளியே பிதுங்கிடும். காய்ஞ்ச பேஸ்ட் பிதுங்காது, அப்படியே நிக்கும். இட்லிக்கு சட்னி மாதிரி அள்ளிப் பூசக் கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

2001 செப்டம்பர்ல டாம்ஸ் ஹார்டுவேர் தளம் ஒரு வீடியோ போட்டாங்க. ஓடுற பிராசஸர் மேலேருந்து ஹீட்சிங்க்கைக் கழட்டிடறது, என்ன ஆகுதுன்னு பார்க்கறது. ரெண்டு அத்லானும் செத்துப்போச்சு, புகையோட. பென்டியம் 3 உறைஞ்சு நின்னது. பென்டியம் 4 மட்டும் வேகத்தைக் குறைச்சுக்கிட்டு நொண்டி நொண்டி ஓடிச்சு. சூடு கூடினா தானே தன்னை மட்டுப்படுத்திக்கிற வசதி அதுல இருந்தது. எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க.

என்னைக் கேட்டா நம்ம ஊர் ஜனங்களுக்கு வினை ஆரம்பிச்சது அந்த வசதியிலதான். அத்லான் எரிஞ்சா கூலர்ல கோளாறுன்னு தெரியும். பென்டியம் 4 எரியாது, மெதுவாகும். மெதுவானா நாம என்ன சொல்வோம்? "வைரஸ் வந்துடுச்சு, ஃபார்மட் பண்ணு!" 2004 நவம்பர்ல வந்த 3.8 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் 4-க்கு இன்டெல் போட்ட வெப்பக் கணக்கு 115 வாட். நம்ம மைக் செட் 3055-ம் அதே 115 வாட்தான், பொருத்தம் பாருங்க! (ரெண்டும் ஒரே விதமா அளந்தது இல்லை, இருந்தாலும் ரசிக்கலாம்.) அந்தப் பிராசஸரோட வர்ற கூலருக்குள்ள போற காற்று 38 டிகிரிக்குள்ள இருக்கணும்னு இன்டெல் எழுதி வச்சிருந்தது. கத்திரி வெயில்ல எங்க பக்கம் வெளிக்காற்றே 40-ஐத் தாண்டும். பெட்டிக்குள்ள எவ்வளவுன்னு நீங்களே யோசிங்க. போதாக்குறைக்கு அந்த வருஷம் வந்த 775 சாக்கெட் கூலருக்கு நாலு பிளாஸ்டிக் கால். அதுல ஒண்ணு சரியா 'கிளிக்' ஆகலைன்னா கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கும், பேஸ்ட் கனமாகும். மே மாசம் மட்டும் 'வைரஸ்' வர்ற கம்ப்யூட்டர்களை நான் எங்க ஊர்லயே நிறைய பார்த்திருக்கேன்.

2006-ல கோர் 2 டுயோ 65 வாட்டுக்கு இறங்கி வந்தது, டெஸ்க்டாப்புல மூச்சு விட முடிஞ்சது. அதை விடுங்க. 2011 செப்டம்பர்ல தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி தர ஆரம்பிச்சதே, அதுதான் எங்க ஊர்ல பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர். மடிக்கணினியிலயும் சில்லுக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவுல இதே பேஸ்ட்தான். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சில வருஷத்துல ஓரத்துக்கு ஒதுங்கிக் காய்ஞ்சு பொருக்காயிடும். கூடவே ஃபேன் வாயில தூசி. படம் பார்த்துக்கிட்டே இருக்கும்போது பொட்டுன்னு அணையும். "போர்டு போச்சு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லி அனுப்பிட்டாங்கன்னு பரண்ல போட்டு வச்சவங்க உண்டு. அப்படி மூணு பெட்டியை நான் வாங்கித் திறந்து பார்த்தேன். ஸ்பிரிட் தொட்டு பழைய பொருக்கைத் துடைச்சு, அரிசி அளவு புதுப் பேஸ்ட் வச்சு, திருகை மூலைக்கு மூலை மாத்தி மாத்தி முடுக்கினதுல ரெண்டு ஓடிச்சு. மூணாவதுக்கு நிஜமாவே போர்டு போயிருந்தது.

பி.கு.: பழைய அத்லான் வச்சிருக்கிற மகராசன் யாராச்சும் இன்னும் இருந்தா, அதுக்கு வெள்ளிப் பொடி கலந்த பேஸ்ட் வேணாம். மேல்பரப்புல குட்டிக் குட்டியா தொடுபுள்ளிகள் திறந்து கிடக்கும், வழிஞ்சா வம்பு. பழைய வெள்ளைப் பேஸ்ட்டே போதும்.