அடைப்புக்குறிக்குள் ஒரு சான்று

நியூ லின்னில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சென்ற குளிர்காலத்தில் ஒரு சிறு வழக்கு நடந்தது. தமிழ் வகுப்புக்காக 1274ஆம் குறளைப் படித்துக்கொண்டிருந்த மகள், அதில் வரும் 'நாற்றம்' என்ற சொல்லைக் கைப்பேசி அகராதி ஒன்றில் தேடினாள். கெட்ட வாடை என்று ஒரே பொருள்தான் வந்தது. "மொட்டுக்குள்ள கெட்ட வாடையாப்பா?" என்று கேட்டாள்.

வள்ளுவர் அங்கே சொல்வது விரியாத மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நறுமணத்தை. முன்பு நல்ல மணத்துக்கும் வழங்கிய சொல், இன்று பேச்சில் கெட்ட வாடையைக் குறிப்பதாகக் குறுகிவிட்டது. இதை விளக்கியதும் அவள், "அகராதியை நம்புறதா, உங்களை நம்புறதா?" என்றாள். நியாயமான கேள்விதான். இரண்டுமே சான்று காட்டாத கூற்றுகள். குறளே சான்று என்று காட்டிய பிறகுதான் வழக்கு தீர்ந்தது.

அகராதியில் இலக்கிய மேற்கோள் செய்யும் வேலை இதுதான். அது அலங்காரம் அன்று, சாட்சி. தமிழில் அந்தச் சாட்சியை அகராதிக்குள் கொண்டுவர நெடுங்காலம் பிடித்தது.

வின்சுலோ அகராதி 1862இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனரிகள் தொடங்கிய சொல் தொகுப்பின் மேல் எழுந்த அந்த நூலில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. ஆனால் ஒரு சொல் எந்த நூலில் எந்த இடத்தில் வருகிறது என்ற குறிப்பு பெரும்பாலும் இல்லை. அன்று சங்க இலக்கியத்தின் பெரும்பகுதி ஏட்டிலேயே கிடந்தது. பாட்டு எண்ணும் அடி எண்ணும் நிலைபெற்ற அச்சுப் பதிப்பு இருந்தால்தானே இடம் சுட்ட முடியும்? 1887இல் சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வந்தன. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். பதிப்பாசிரியர்கள் பாதை போட்டார்கள். அகராதிக்காரர்கள் அதில் நடந்தார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பணி 1913இல் சாண்ட்லர் தலைமையில் தொடங்கியது. 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து அதை நிறைவுசெய்தார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் பின்னிணைப்பு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் தந்த பின், இலக்கியச் சான்றுள்ள இடங்களில் ஒரு மேற்கோள் வரும். அதையடுத்து அடைப்புக்குறிக்குள் 'குறள்', 'சிலப்.', 'புறநா.' என்று நூற்பெயர்ச் சுருக்கமும் எண்ணும் வரும். அந்தச் சின்ன அடைப்புக்குறி, 'என்னை அப்படியே நம்பாதே, போய்ப் பார்' என்று வாசகரிடம் சொல்கிறது. பதிப்பாசிரியர் பிழை விட்டிருந்தால் அதைப் பிடிப்பதற்கான வழியையும் அதுவே திறந்துவைக்கிறது.

ஆங்கிலத்தில் சாமுவேல் ஜான்சன் 1755இலேயே மேற்கோள்களோடு அகராதி செய்தார். ஆனால் பல மேற்கோள்களைச் சுருக்கியும் மாற்றியும் தந்தார். ஆக்ஸ்போர்டு அகராதிக்குத் தன்னார்வலர்கள் நூற்பெயரும் பக்கமும் எழுதிய சீட்டுகளை மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். 1884இல் வெளிவரத் தொடங்கிய அது 1928இல்தான் முடிந்தது. நம் லெக்சிகனின் முதல் பகுதி வந்தபோது ஆக்ஸ்போர்டே முற்றுப்பெறவில்லை என்பதை நினைவில் வைப்பது நல்லது.

நாங்கள் வாழும் ஆக்லாந்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஜான் மூர்ஃபீல்ட் உருவாக்கிய 'தெ அகா' என்ற மாவோரி இணைய அகராதி, பழைய மாவோரிச் செய்தித்தாள்கள் முதலியவற்றிலிருந்து எடுத்த வாக்கியங்களை மூலக் குறிப்போடு தருகிறது. வீட்டில் பேச்சு அறுந்துபோன தலைமுறை, தன் முன்னோர் அந்தச் சொல்லை எழுதிய இடத்தையே பார்க்கிறது. கேட்டுத் தெளியப் பாட்டி பக்கத்தில் இல்லாத நம் பிள்ளைகளுக்கும் அதுதானே தேவை?

தமிழில் இதற்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் லெக்சிகன் மேற்கோள்களோடு தேடக் கிடைக்கிறது. தமிழ் விக்சனரியின் பல பதிவுகளில் 'இலக்கியப் பயன்பாடு' என்று தனித் தலைப்பே உண்டு. சிக்கல், அவசரத்தில் செய்யப்படும் செயலிகளில். தரவுத்தளத்தில் சொல்லுக்கு ஒரு பத்தி, பொருளுக்கு ஒரு பத்தி. சான்றுக்கு இடமே இல்லை. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். முதல் நாள் ஒதுக்காத பத்தியைப் பிறகு யாரும் சேர்ப்பதில்லை. வையாபுரிப் பிள்ளையும் அவரோடு உழைத்த பண்டிதர்களும் ஆண்டுக்கணக்கில் சேர்த்த அடைப்புக்குறி, ஒரு நகலெடுப்பில் உதிர்ந்துவிடுகிறது.

இணையத்தில் மேற்கோள் சேர்க்கும் ஆர்வலர்களுக்கும் இரண்டு கடமைகள் உண்டு. நினைவிலிருந்தோ வேறொரு தளத்திலிருந்தோ எழுதாமல் பதிப்பைத் திறந்து பார்த்து, நூல், ஆசிரியர், எண் மூன்றையும் தர வேண்டும். பழைய இலக்கியத்தோடு நின்றுவிடவும் கூடாது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நம் காலத்து எழுத்து நடையை ஆதாரமாகக் கொண்டது. பின்வந்த பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குக்கும் இடம் தந்தது. புலம்பெயர்ந்தோர் கதைகளில் வரும் சொற்களுக்குச் சீட்டு எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

அன்று இரவே அந்தச் செயலிக்குத் திருத்தம் அனுப்பினோம். மணம் என்ற பொருளை நான் எழுதினேன். அடைப்புக்குறி போட்டு 'குறள் 1274' என்று அவள் தட்டினாள்.