வாக்குமூலமும் வாய்மொழியும்

பொய்யுரைப்போரை முகக்குறியாலும் குரல் நடுக்கத்தாலும் இனங்காணலாம் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கையாகும். ஆயின் எழுத்திற் பதியப்பெற்ற வாய்மொழிக்கு முகமுமில்லை, குரலுமில்லை. அங்கு எஞ்சுவன சொற்களும் அவற்றின் வைப்புமுறையுமே. அவற்றைக் கொண்டு உண்மையை நாடிய முயற்சியின் வரலாறு, இங்கிலாந்தில் நிறைவேற்றப்பட்ட இரு தூக்குத் தண்டனைகளோடு பிணைந்துள்ளது.

1949 இல் மனைவியும் மகளும் கொலையுண்டமை தொடர்பாக ரிமதி இவன்ஸ் என்பார் பொலிசாருக்கு நான்கு வாக்குமூலங்கள் அளித்தார். எழுத்தறிவு மிகக் குறைந்த அவர் கூறியவற்றைப் பொலிசாரே எழுதினர். மகளைக் கொன்ற குற்றத்துக்காக 1950 மார்ச்சில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதே வீட்டில் வசித்த ஜோன் கிறிஸ்ரி பல பெண்களைக் கொன்றவர் என்பது 1953 இல் வெளிப்பட்டது. 1966 இல் இவன்சுக்கு, இறந்தபின், மன்னிப்பு வழங்கப்பட்டது. சுவீடன் நாட்டு மொழியியலாளர் ஜான் ஸ்வாற்விக் அவ்வாக்குமூலங்கள் பற்றிய தமது ஆய்வை 1968 இல் வெளியிட்டார். குற்றஞ்சுமத்தும் பகுதிகளின் வாக்கிய அமைப்பு ஏனைய பகுதிகளினின்றும் வேறுபடுவதை அவர் காட்டினார்.

இரண்டாவது வழக்கு டெறிக் பென்ற்லியினுடையது. 1952 நவம்பர் 2 ஆம் திகதி இரவு, குறொய்டனில் களவு நோக்குடன் பண்டகசாலை ஒன்றின் கூரையில் ஏறிய இருவருள், 16 வயதினனான கிறிஸ்ரோபர் கிறெய்க் பொலிஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். 19 வயதினனான பென்ற்லி அதற்கு முன்னரே பொலிசாரிடம் பிடிபட்டிருந்தான். சுட்டவன் வயதிற் குறைந்தவனாதலின் தூக்குக்குத் தப்பினான்; பென்ற்லி 1953 ஜனவரி 28 இல் தூக்கிலிடப்பட்டான்.

582 சொற்கள் கொண்ட பென்ற்லியின் வாக்குமூலம், வினா எதுவுமின்றி அவனே சொல்லச் சொல்ல எழுதப்பட்டதெனப் பொலிசார் சத்தியஞ் செய்தனர். பின்னாளில் பேராசிரியர் மல்கம் கூல்தாட் அதனை ஆராய்ந்தார். 'அதன்பின்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் அதிற் பத்து முறை வருகின்றது. சாதாரண ஆங்கிலப் பேச்சில் அது 'நான்' என்பதற்கு முன் நிற்பதே பெருவழக்கு. 'நான் அதன்பின்' என்ற வைப்பு, ஒப்புநோக்கப்பட்ட பேச்சுத் தொகுப்பில் ஏறத்தாழ 165,000 சொற்களுக்கு ஒருமுறையே காணப்பட்டது. வாக்குமூலத்திலோ ஏறத்தாழ 190 சொற்களுக்கு ஒருமுறை. பொலிசாரின் அறிக்கைகளில் அதுவே வழக்கமான நடையாகும்.

மறுப்பு வாக்கியங்களும் நோக்கற்பாலன. நடந்ததைத் தானாக எடுத்துரைப்பவன் நடவாதவற்றை அடுக்கிச் செல்வது அரிது. வினவப்பட்டவன் மறுத்துரைப்பது இயல்பு. கிறெய்க் துப்பாக்கியைப் பயன்படுத்துவான் எனத் தான் அறியவில்லை என்ற கூற்று தானாக எழுந்ததாயின், துப்பாக்கி இருந்தமையை அவன் முன்னரே அறிந்திருந்தான் என்பது போலத் தோன்றும். வினாவுக்கு விடையாயின் அவ்வாறு கொள்ளுதற்கில்லை. வினாக்கள் நீக்கப்பட்டமையால் ஓர் இளைஞனின் உயிரைத் தீர்மானிக்கக்கூடிய பொருள் வேறுபாடு விளைந்தது.

1998 ஜூலை 30 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. பிரதம நீதியரசர் கொடாட் பிரபு ஜூரர்களுக்கு வழங்கிய தொகுப்புரை நீதியற்றதாக இருந்தமையே அதற்குத் தலையாய காரணம். மொழியியற் சான்று துணையாகவே நின்றது. ஒருவன் நெஞ்சிலுள்ள பொய்யைச் சொற்கள் தாமாகக் காட்டிவிடா. எனினும் ஒருவனுடையதாகக் காட்டப்படும் பேச்சிற் பிறர் குரல் கலந்துள்ளதை அவை காட்டவல்லன. இங்கிலாந்தில் 1984 ஆம் ஆண்டுச் சட்டம் பொலிஸ் விசாரணைகளை ஒலிப்பதிவு செய்ய வழிவகுத்தது. அதன்பின் விடையோடு வினாவும் செவிக்கு எட்டலாயிற்று.