சந்தைக்கு ஒரு கூரை



இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் வட்டாரத்தில் சிப்பிங் கேம்டன் என்னும் சிற்றூர் இருக்கிறது. 'சிப்பிங்' என்பது சந்தையைக் குறிக்கும் பழஞ்சொல். வளைந்து செல்லும் அதன் பெரிய தெருவின் இருமருங்கிலும் தேன் நிறக் கல்வீடுகளைக் காணலாம். அவற்றுள் ஒன்று, வில்லியம் கிரெவல் என்ற கம்பளி வணிகர் ஏறத்தாழ 1380இல் கட்டியது. ஆட்டுக் கம்பளி விற்ற செல்வமே இவ்வூரை வளர்த்தது.

தெருவின் நடுவே சந்தை மண்டபம் நிற்கிறது. இலண்டனில் பட்டு வணிகம் செய்து பொருளீட்டிய சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் 1627இல் இதைக் கட்டுவித்தார். எதற்காக? வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் விற்க வந்த எளியவர்கள் மழையில் நனையாதிருக்கத்தான். ஏழை முதியவர்கள் பன்னிருவர் தங்குவதற்கு 1612இலேயே அவர் கட்டித் தந்த வீடுகளும் இன்றும் நிற்கின்றன.

மண்டபத்தின் தரையைப் பாருங்கள். மேடுபள்ளமான பழைய கற்கள். எத்தனையோ கால்கள் மிதித்துத் தேய்ந்தவை. அந்தக் கால்களுக்குரியவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

1940களில் இம்மண்டபம் விலைபோய்விடும் நிலை வந்தது. ஊர்மக்கள் பணம் திரட்டி அதை மீட்டார்கள். தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள்.

கட்டியவர் ஒரு செல்வர், காத்தவர்களோ ஊரார். வரலாறு இவ்விருவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்போம்.